டிஸ்சார்ஜ் ஆன பிறகு எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்?

கொரோனா குணமாகி வீட்டுக்குப் போனவர்களில் பலர் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்: "டாக்டர், இன்னொரு தடவை ஸ்வாப் எடுத்து நெகட்டிவ்னு உறுதி பண்ணிக்கலாமா?" சிலரிடம் ஆபீஸில் நெகட்டிவ் ரிப்போர்ட் கேட்டார்கள், சிலரிடம் வீட்டு ஓனர் கேட்டார். மூன்று வாரம் கழித்து எடுத்த ரிப்போர்ட் மறுபடி பாசிட்டிவ் என்று வந்ததால், பெற்ற பிள்ளையைத் தூக்கப் பயந்து தனியறையில் அழுதுகொண்டிருந்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவிப்புக்கு அவசியமே இல்லை.

ஸ்வாப் எடுத்துச் செய்யும் ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் தேடுவது வைரஸின் மரபணுத் துணுக்கை. அது உயிருள்ள வைரஸிலிருந்து வந்ததா, செத்ததின் மிச்சமா என்று அந்த டெஸ்டால் சொல்ல முடியாது. அந்த மிச்சம் சிலருக்கு 12 வாரம் வரைகூட வந்துகொண்டிருக்கும். தென்கொரியாவில் குணமாகி மீண்டும் பாசிட்டிவ் ஆன 285 பேரை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து, 2020 மே மாதம் முடிவை வெளியிட்டது. அவர்களோடு பழகிய 790 பேரைத் தேடிப் பார்த்ததில், இவர்களிடமிருந்துதான் தொற்றியது என்று சொல்லும்படி ஒருவரும் இல்லை. 108 பேரின் மாதிரிகளை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். ஒன்றில்கூட வைரஸ் வளரவில்லை. நம் மத்திய சுகாதார அமைச்சகமும் 2020 மே 8 அன்று விதியை மாற்றி, லேசான தொற்று உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்ப நெகட்டிவ் ரிப்போர்ட் வேண்டாம் என்றது. உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் போன்ற எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களின் நிலைமை வேறு. அவர்கள் தங்கள் டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

ஸ்வாப்புக்குச் செலவழிக்கும் பணத்தில் சர்க்கரையைப் பாருங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. ஆக்சிஜன் குறைந்தவர்களின் உயிரைக் காக்க ஸ்டீராய்டு கொடுக்கிறோம். அது சர்க்கரையை ஏற்றிவிடும். இதற்கு முன் சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்கும் ஏறும். வீட்டுக்குப் போய்ச் சத்துக்காக என்று பழச்சாறும் கஞ்சியுமாகக் குடித்தால் இன்னும் ஏறும். 2021-இல் இரண்டாம் அலையில் கரும்பூஞ்சை என்ற ஆபத்தான பூஞ்சைத் தொற்று வந்தவர்களில் பெரும்பாலோர் கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவர்கள்தான். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கரும்பூஞ்சையின் அறிகுறிகளாக ஒரு பக்கம் முகம் வலித்தாலோ மரத்தாலோ, கண் வீங்கினாலோ, மூக்கில் கறுப்பாக ஒழுகினாலோ, பல் ஆடினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

அடுத்தது ஆக்சிஜன். பலர் உட்கார்ந்தபடியே ஆக்சிமீட்டரை மாட்டி, 97 இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். வீட்டுக்குள் 6 நிமிடம் நடந்துவிட்டுப் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். 3 புள்ளிக்கு மேல் இறங்கினால் நுரையீரல் இன்னும் ஆறாமல் இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். நிமோனியா வந்தவர்களுக்கு 12 வாரம் கழித்து ஒரு எக்ஸ்ரே போதும். மாதாமாதம் சிடி ஸ்கேன் வேண்டாம்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எல்லாவற்றையும் கொரோனா தலையில் போடாமல் சளியில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது.

மறு பரிசோதனைக்கு வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்து வாருங்கள். ஸ்டீராய்டு எத்தனை நாள், எந்த அளவு கொடுத்தார்கள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவரை என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.