சொல் விளக்கம்: பெருவெடிப்பு

பெரு + வெடிப்பு. மிகச் சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்த நிலையிலிருந்து பிரபஞ்சம் விரிந்து குளிர்ந்து வருகிறது என்னும் பௌதிகவியல் விளக்கத்தின் பெயர். ‘பிக் பேங்’ என்பதன் நேர்த் தமிழாக்கம்.

அந்த மூலப் பெயரை வைத்தவரே விளக்கத்தை ஏற்காதவர். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்று வாதிட்ட பிரித்தானிய வானியலாளர் பிரெட் ஹொயில், 1949 மார்ச்சில் பிபிசி வானொலி உரையொன்றில் எதிர்த்தரப்புக் கருத்தைச் சுட்ட அப்படிச் சொன்னார். கருத்துக்கு உரியவரான பெல்ஜியப் பாதிரியார் ஜோர்ஜ் லெமெத்ர் 1931இல் பேசியது ‘ஆதி அணு’ பற்றி. 1993இல் ஒரு வானியல் சஞ்சிகை மாற்றுப் பெயர் கேட்டுப் போட்டி வைத்தது; 13,099 பெயர்கள் வந்தும் நடுவர்களுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

தமிழில் சிக்கல் கொஞ்சம் கூட. ‘வெடிப்பு’ என்றதும் யாழ்ப்பாணத்தவருக்குக் குண்டுதான் நினைவுக்கு வரும்: விழுந்த ஓரிடம், சுற்றிலும் வெறும் வெளி, அதற்குள் பாயும் சிதறல். மூன்றும் இங்கே பிழை. விரிவது வெளிதான், ஆகவே நடு என்று ஓரிடம் கிடையாது. எந்த விண்மீன் திரளில் நின்று பார்த்தாலும் தொலைவிலுள்ளவை விலகிப்போவதாகவே தெரியும். உயர்தர மாணவர் “எங்கே சேர் வெடிச்சது?” என்று கேட்டால் பழி சொல்லின் மேல்தான்.

வயதைக் கணிக்க: இன்றைய விரிவு வீதம் ஒரு மெகாபார்செக்குக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர். மெகாபார்செக் என்பது 3.09 × 10¹⁹ கிலோமீற்றர் தூரம். இதை 70ஆல் வகுத்தால், அவ்வளவு தூரம் விலக எடுத்த காலம் கிடைக்கும்: 4.4 × 10¹⁷ செக்கன், அதாவது சுமார் 1400 கோடி ஆண்டு. ஏற்கப்பட்ட பெறுமானம் 1380 கோடி. வீதம் மாறவில்லை என்ற எடுகோள் பிழையாயிருந்தும் விடை கிட்ட வரக் காரணம், ஈர்ப்பால் முதலில் தளர்ந்த விரிவு பின்னர் கருஞ்சக்தியால் வேகம் பிடித்து ஏறக்குறைய ஈடாகிவிட்டதே.

வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் 1964இல் பிடித்த, வானெங்கும் இருந்து வரும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்ப்பு, பிரபஞ்சத்துக்கு 380,000 வயதளவில் 3000 கெல்வினில் புறப்பட்டது. இன்று 2.725 கெல்வின். வெளி நீண்ட அளவுக்கே இக்கதிர்ப்பும் குளிரும். வகுத்துப் பாருங்கள்: வெளி ஏறத்தாழ 1100 மடங்கு நீண்டிருக்கிறது.

இப்படியே பூச்சிய செக்கன் வரை பின்னே போக முடியாது. ஈர்ப்பு மாறிலி, பிளாங்கின் மாறிலி, ஒளிவேகம் மூன்றும் சேர்ந்து தரும் பிளாங்கு நேரம் 5.4 × 10⁻⁴⁴ செக்கன். அங்கே ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியலும் அணுவுலகை விளக்கும் சக்திச்சொட்டு (குவாண்டம்) கொள்கையும் ஒன்றாக இயங்க வேண்டும். பரிசோதனையில் தேறிய அப்படியொரு கோட்பாடு இல்லை. ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வகத்துத் துகள் மோதுவி எட்டும் சக்தி, அந்த எல்லைக்கு வேண்டியதில் ஏறத்தாழ 10¹⁵இல் ஒரு பங்கு.

சார்பியலை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் கனவளவு பூச்சியமாகி அடர்த்தி முடிவிலியாகும். இதுவே ‘சிங்குலாரிட்டி’. தமிழில் ‘ஒருமை’ என்று எழுதுகிறார்கள். பன்மையைத் தேடத் தோன்றுகிறது. 1860களில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த சாமுவேல் கிறீனின் வழி, வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் தேடுவது. அவ்வழியில் ‘முறிவிடம்’ பொருந்தும்: சமன்பாடு முறியும் இடம்.

‘பெருவெடிப்பு’க்குப் பதில் ‘பெருவிரிவு’ எனலாமா? பொருள் சரி. ஆனால் முதற்கணத்து அதிவேக விரிவு தனியொரு கருதுகோள், அதனோடு குழம்பும். பாடநூலில் ஊறிய ‘பெருவெடிப்பு’ இருக்கட்டும். பூச்சிய செக்கனைக் குறிக்க மட்டும் அதை எழுத வேண்டாம். அதற்கு முறிவிடம் இருக்கிறது.