இளவரசு மாநிலம் என்று ஒன்று இருந்ததா?

போட்டித்தேர்வுக்குப் படிக்கும் என் அக்கா மகனின் கையேட்டில் ஒரு வரி: "புதுக்கோட்டை ஓர் இளவரசு மாநிலமாக இருந்தது." எத்தனையாவது தடவையோ! எல்லா இடத்திலும் இதே கூத்து. ஆங்கிலேயர் காலத்தில் மன்னர்கள் ஆண்ட நாடுகளை ஆங்கிலத்தில் 'பிரின்ஸ்லி ஸ்டேட்' என்பார்கள்; அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான் இது.

வழக்கில் இருக்கும் சொல் சமஸ்தானம். வடசொல், ஸ்தானம் என்றால் நிற்குமிடம். நிலைபெற்ற இடம் என்பதிலிருந்து மன்னர் ஆளும் நாடு என்று பொருள் விரிந்தது. மராத்தியிலும் கன்னடத்திலும் இதே சொல்தான். சரி, வேர்க்கதை போதும்.

இளவரசு எப்படி உள்ளே வந்தார்? ஆங்கிலத்தில் 'பிரின்ஸ்' என்பது மன்னர் மகனை மட்டும் குறிப்பதில்லை, நாடாளும் சிறு மன்னரையும் குறிக்கும். 'கிங்' பட்டத்தைத் தங்கள் அரசருக்கே வைத்துக்கொண்டு, நம் ராஜாக்களை 'பிரின்ஸ்' என்று ஒரு படி இறக்கினார்கள் ஆங்கிலேயர். தமிழிலோ இளவரசு என்றால் பட்டத்துக்குக் காத்திருப்பவர். புதுக்கோட்டை மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் 1928இல் பட்டமேறியபோது வயது ஆறு. அப்போதும் ஊருக்கு அவர் ராஜாதான். 1921இல் டில்லியில் கூடிய 'சேம்பர் ஆஃப் பிரின்சஸ்' சபையை இந்திக்காரர்கள் 'நரேந்திர மண்டல்', அதாவது மன்னர் சபை, என்றார்கள். 'யுவராஜ் மண்டல்' என்று சொல்லவில்லை. அவர்கள் பொருளைப் பார்த்தார்கள், நம்மவர்கள் அகராதியில் முதல் வரியோடு நிறுத்திவிட்டார்கள்.

தனித்தமிழ் அன்பர்கள் 'சிற்றரசு' என்பார்கள். எனக்கும் தமிழ்ச்சொல் ஆசை உண்டு. ஆனால் சிற்றரசு என்றதும் பேரரசனுக்குத் திறை கட்டி, சமயம் பார்த்துக் கலகம் செய்பவர்தான் நினைவுக்கு வருகிறார். புதுக்கோட்டை திறை கட்டவில்லை. கீழாநிலைக் கோட்டைக்காக ஆண்டுக்கு ஒரு யானை என்று 1806இல் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) எழுதிவைத்தது; அந்த யானையை யாரும் கேட்டு வாங்கவே இல்லை. தொண்டைமான் அம்மன் காசு என்று சொந்த நாணயம் அடித்துக்கொள்ளலாம், ஆனால் போரும் வெளியுறவும் ஆங்கிலேயர் கையில். தவிர, ஐதராபாத் நிஜாமைச் சிற்றரசர் என்றால் சிரிக்க மாட்டார்களா?

சமஸ்தானத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ராமநாதபுரம், எட்டயபுரம் ஜமீன்களையும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அவை சென்னை மாகாணத்துக்குள் இருந்து ஆங்கிலேயருக்கு வரி கட்டியவை. பிரித்துக்காட்ட 'சுதேச சமஸ்தானம்' என்ற பழைய வழக்கு இருக்கிறது. தமிழாகவே வேண்டுமென்றால் 'மன்னர் அரசு' எனலாம், பொருள் கெடாது.

இத்தனையும் அக்கா மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரீட்சைல இளவரசு மாநிலம்னுதானே மாமா கேப்பாங்க?" என்றான்.