கிரீன் மார்க்கெட்டிங், கிரீன்வாஷிங்: ரெண்டுக்கும் தமிழ்ல என்ன?

மலேசியாவுல சிலாங்கூர் மாநிலத்துல இருக்கற எங்க ஊரு பத்தாங் பெர்ஜுந்தையில (2007-லயே பெஸ்தாரி ஜெயான்னு பேர மாத்திட்டாங்க, ஆனா எங்க ஆளுங்க யாரு அப்படிக் கூப்புடுறா) எந்தக் கடைக்குள்ள போனாலும் ஒரு பச்சை இலை படம் கண்ணுல படாம வெளிய வரமுடியாது. சவுக்காரம், டிஷ்யூ, தப்பாவ் டப்பா (சாப்பாடு பார்சல் கட்டுறது), குப்பை கட்டுற பிளாஸ்டிக் பை வரைக்கும் 'மெஸ்ரா ஆலாம்'னு போட்டிருக்கும். மலாய்ல மெஸ்ரான்னா நெருக்கமா பழகுறது, ஆலாம்னா இயற்கை. தமிழ்ல இதை 'சூழல் நட்பு'ன்னு எழுதுறவங்க இருக்காங்க, எனக்கு அது ஒட்டல. சவுக்காரம் எப்படி நட்பா இருக்கும்? 'சுற்றுச்சூழலுக்கு உகந்த'ன்னு எழுதினா சரியா இருக்கு, கொஞ்சம் நீளம், பரவால்ல.

இந்த மாதிரி, 'எங்க பொருள் இயற்கைக்குக் கெடுதல் கம்மி'ங்கறதையே முன்னால வச்சு விக்கிறதுக்குத்தான் கிரீன் மார்க்கெட்டிங்னு பேரு. என்ன பொருள்ல செஞ்சது, செய்யும்போது எவ்வளவு தண்ணி கரண்டு போச்சு, எதுல கட்டிக் குடுக்குறாங்க, எப்படி ஏத்திட்டு வர்றாங்க, தூக்கிப் போட்டா என்ன ஆகும், இதெல்லாம் இதுக்குள்ள வரும். 1975-ல அமெரிக்கன் மார்க்கெட்டிங் அசோசியேஷன் இதைப் பத்தி ஒரு பயிலரங்கு நடத்துச்சு, அப்ப வச்ச பேரு 'இக்காலாஜிக்கல் மார்க்கெட்டிங்', பச்சைங்கற சொல்லு பின்னாடிதான் வந்து ஒட்டிக்கிச்சு. தமிழ்ல 'பசுமைச் சந்தைப்படுத்தல்'. வாயில நுழைய சிரமம்தான், ஆனா அர்த்தம் நேரா இருக்கு. சுருக்குறேன்னு 'பச்சை மார்க்கெட்'னு எழுதிடாதீங்க, காய்கறி விக்கிற இடம்னு நெனச்சுக்குவாங்க.

நல்ல உதாரணம் தேடி தூரம் போக வேண்டாம். கோலசிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானுக்கு மின்மினிப் பூச்சி பார்க்கப் போனவங்களுக்குத் தெரியும், சம்பான்ல (சின்னப் படகு) ஏத்தி ஆளுதான் துடுப்பு போடுவாரு, இன்ஜின் சத்தம் கிடையாது. ஆத்தோரம் பெரெம்பாங் மரத்துலதான் அந்தப் பூச்சி மின்னும், மரமும் இருட்டும் போயிட்டா வியாபாரமே போயிடும். அங்க பசுமைங்கறது விளம்பரத்துக்குன்னு தனியா ஒட்டுன சமாச்சாரம் இல்ல, விக்கிற பொருளே அதுதான். இன்னொன்னு, செம்பனை (பாமாயில் எடுக்குற மரம்) தோட்டத்துல எலி குலையைக் கடிக்குதுன்னு விஷம் வைக்கிறதுக்குப் பதிலா கம்பம் நட்டு பெட்டி கட்டி கூகை (எலி திங்குற ஆந்தை) வளக்குறாங்க பாருங்க, பழம் உதிர்த்த வெறுங்குலையை மறுபடி மரத்தடியிலயே பரப்புறாங்க, இதையெல்லாம் சொல்லி ஒரு கம்பெனி விளம்பரம் பண்ணுனா அது நேர்மையான கிரீன் மார்க்கெட்டிங், ஏன்னா போய்ப் பார்த்துக்கலாம். சிலாங்கூர்ல 2017 ஜனவரியிலேருந்து பிளாஸ்டிக் பைக்கு 20 காசு வாங்குறாங்க, அது அரசாங்க உத்தரவு. அதையே 'எங்க கடை பூமியைக் காக்குது'ன்னு போர்டு எழுதி மாட்டுனா அங்கதான் இடிக்குது. அந்த இடிக்கிற விஷயத்துக்குத்தான் ரெண்டாவது சொல்லு.

கிரீன்வாஷிங். இதுக்குப் பொறப்பு தெளிவா இருக்கு. ஜேய் வெஸ்டர்வெல்ட்னு ஒரு அமெரிக்க சூழலியல்காரர், 1983-ல ஃபிஜி பக்கம் போனப்ப ஒரு ரிசார்ட்டுல துண்டை மறுபடி பயன்படுத்துங்க, கடலையும் பவளப்பாறையையும் காப்போம்னு ஒரு அட்டை வச்சிருந்ததைப் பார்த்தாரு. அதே ரிசார்ட்டு பக்கத்துல புதுசா வீடு கட்டி விரிவாக்கிட்டு இருந்துச்சு. 1986-ல ஒரு கட்டுரை எழுதும்போது அதை ஞாபகம் வச்சு இந்தச் சொல்லைப் போட்டாரு. துண்டு தோய்க்காட்டி ஓட்டலுக்குத்தான் செலவு மிச்சம், பேரு மட்டும் கடலுக்கு.

சொல்லை எப்படி உருட்டுனாருன்னா, இங்கிலீஷ்ல ஒயிட்வாஷ்னு ஒன்னு முன்னாடியே இருக்கு, செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது, அப்புறம் தப்பை மூடி மறைக்கிறதுக்கும் அதையே சொல்ல ஆரம்பிச்சாங்க. வெள்ளையை எடுத்துட்டு பச்சையை வச்சுட்டாரு, அவ்வளவுதான். அதனால இங்க வாஷுங்கறது தண்ணி ஊத்திக் கழுவுறது இல்ல. 'பசுமைக் கழுவல்'னு எழுதுறாங்க பாருங்க, அது தப்பு. கழுவுனா அழுக்கு போகும், இங்க அழுக்கு அப்படியே இருக்க மேல வர்ணம் ஏறுது, அர்த்தமே தலைகீழா போயிடுது. 'பசுமைப் பூச்சு' சரி. 'பூசி மெழுகுறான்'னு நம்ம பாட்டிங்க பேசுன பேச்சுலயே அந்தக் கருத்து இருக்கறதால பூச்சுன்னதும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா எனக்குப் பிடிச்சது வேற ஒன்னு, 'பசப்பு'. திருக்குறள்ல 119-வது அதிகாரம் பசப்புறு பருவரல், அங்க பசப்புங்கறது பிரிவுல ஒடம்புல படர்ற நிறமாற்றம், பசலைன்னும் சொல்லுவாங்க. பச்சை, பசுமை, பசலை எல்லாம் ஒரே குடும்பம். பேச்சுல 'ரொம்பப் பசப்பாதே'ன்னா என்ன, இனிக்க இனிக்கப் பேசி ஏமாத்தாதேன்னு. ஒரே சொல்லுக்குள்ள நிறமும் இருக்கு ஏமாத்தும் இருக்கு, இங்கிலீஷ்காரன் ரெண்டு சொல்லை ஒட்டித்தான் அதைச் சொல்ல முடிஞ்சுது. கட்டுரை, செய்தின்னா பசுமைப் பூச்சுன்னு எழுதுங்க, பேசும்போது 'இது வெறும் பச்சைப் பசப்பு'ன்னா கேக்குறவனுக்கு உடனே ஏறும்.

இந்தச் சொல்லு எங்க ஊருக்கு ரொம்பக் கிட்டத்துல. மலாயாவுல வியாபாரத்துக்குன்னு மொதமொதல்ல செம்பனை நட்டது 1917-ல, இங்க இருக்கற தென்னமரம் எஸ்டேட்லதான், பேரைப் பாருங்க, தென்னையோட பேரு, நட்டது செம்பனை. 2008 ஜனவரியில பிரிட்டன்ல விளம்பரங்களைக் கண்காணிக்கிற அமைப்பு மலேசிய செம்பனை எண்ணெய் மன்றத்தோட டிவி விளம்பரம் ஒன்னை, பார்க்குறவங்களைத் தப்பா நினைக்க வைக்குதுன்னு தடுத்துச்சு. மழைக்காட்டையும் செம்பனைத் தோட்டத்தையும் சேத்துக் காட்டுன விளம்பரம் அது. தோட்டத்து நெரைக்குள்ள (மர வரிசைக்குள்ள) நடந்தவங்களுக்கு காடு எது தோட்டம் எதுன்னு யாரும் சொல்லித் தர வேணாம். அதுக்காக செம்பனைன்னாலே பொய்னு ஐரோப்பாக்காரன் பேசுறதையும் நான் ஒத்துக்க மாட்டேன், ஒரே அளவு நெலத்துல சோயாவை விட, சூரியகாந்தியை விட பல மடங்கு எண்ணெய் குடுக்குது, அது உண்மை.

முத்திரைங்க கதை தனி. செம்பனை எண்ணெய் முறையா எடுத்ததுன்னு சான்று குடுக்குற ஆர்எஸ்பிஓங்கற உலக அமைப்பு 2004-ல வந்துச்சு, எம்எஸ்பிஓ அதே மாதிரி நம்ம மலேசியாவோட சான்று, 2015-ல விருப்பப்பட்டவங்களுக்குன்னு தொடங்கி 2020 ஜனவரி 1-லேருந்து கட்டாயம் ஆக்கிட்டாங்க. ஆர்எஸ்பிஓ முத்திரை பக்கத்துல 'மிக்ஸ்ட்'னு இருந்தா கவனிங்க. முன்னாடி ரப்பர் தோட்டத்து ஸ்டோர்ல எல்லார் ரப்பர் பாலையும் ஒரே தொட்டியில ஊத்திட்டு யாருக்கு எவ்வளவுன்னு கிராணி (தோட்டத்துக் கணக்கர்) புக்குல மட்டும் தனியா எழுதுவாரே, அதே கணக்குதான், சான்று உள்ள எண்ணெயும் இல்லாததும் ஒன்னா கலந்திருக்கும், அளவு மட்டும் ஏட்டுல சரியா இருக்கும். இது பொய் இல்ல, ஆனா உங்க கையில இருக்கற பாட்டில் எந்தத் தோட்டத்துலேருந்து வந்துச்சுன்னு அந்த முத்திரை சொல்லாது.

டெர்ராசாய்ஸ்னு ஒரு கம்பெனி 2007-ல வட அமெரிக்கக் கடைங்கள்ல பச்சை பேசுற 1,018 பொருளை எடுத்துப் பார்த்ததுல ஒன்னே ஒன்னுதான் தேறுச்சு. பச்சைப் பொய்யே பேசுனது அதுல கொஞ்சம்தான், பாதிக்கு மேல ஒரு நல்லதை மட்டும் காட்டி மத்த கெடுதலை மறைச்சவங்க, மிச்சத்துல நிறைய பேரு ஆதாரம் இல்லாம, மங்கலா, இல்ல சம்பந்தமே இல்லாததைச் சொன்னவங்க. 'சிஎஃப்சி (ஓசோன் படலத்தைக் கெடுக்குற வாயு) இல்லாதது'ன்னு ஸ்ப்ரே டப்பாவுல பெருமையா போடுறது மாதிரி, அதைத்தான் சட்டமே எப்பவோ தடை பண்ணியாச்சே. 'ஆக்ஸோ பயோடிக்ரேடபிள்'னு வந்த பையும் இந்த ரகம்தான், மண்ணாகாது, பொடிப்பொடியா ஒடஞ்சு பிளாஸ்டிக்காவே கெடக்கும், ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில அதுக்குத் தடை போட்டுச்சு. இங்க பொருளைப் பத்திப் பொய் விவரம் போட்டு வித்தா 2011-ம் வருஷத்து வாணிப விவரிப்புச் சட்டம் பாயும், பச்சை இலைக்கும் அது பொருந்தும், பில்லும் போட்டோவும் கையில இருந்தா புகார் குடுக்கலாம்.

கடைசியா எழுத்துல ஒரு சின்ன விஷயம். பசுமைப்பூச்சு, பச்சைப்பசப்பு, ரெண்டுலயும் நடுவுல 'ப்' கண்டிப்பா வரும், பேனர் அடிக்கிற கடையில முழுங்கிடுவாங்க, புரூஃப் வரும்போது பாத்துக்குங்க.