பொறிவரி: சொல் விளக்கம்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் 'மார்பிள் ஏஞ்சல்' வேண்டும் என்றால் எந்த மீன் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. வெள்ளி உடம்பில் கறுப்பு மையைக் கொட்டி, அது தண்ணீரில் பரவும்போதே உறைந்துவிட்டதைப் போன்ற ஒரு மீனைத் தொட்டியில் காட்டுவார்கள். மார்பிள் மோலி, மார்பிள் ஃபைட்டர் என்று மற்றவையும் உண்டு. கடைப் பேச்சுக்கு இந்தச் சொல் போதும். அதே அடைமொழி கொண்ட காட்டு உயிரினங்களைத் தமிழில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மார்பிள் என்றால் பளிங்கு. ஆகவே பளிங்குத் தவளை, பளிங்குப் பூனை, பளிங்குப் பறவை என்று கை தானாக எழுதிவிடுகிறது. அது தவறான படத்தை வாசகர் மனத்தில் பதிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மார்பிள் என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'மார்மரோஸ்' என்றால் ஒளிரும் கல். துருக்கியின் மர்மரா கடலுக்கு, சலவைக்கல் வெட்டி எடுக்கப்பட்ட தீவின் வழியாக வந்த பெயரும் இதுவே. லத்தீனில் அது 'மர்மோர்' ஆனது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் மார்பிள் ஆனது. சுண்ணாம்புக்கல் பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் பிறக்கும் கல் இது. தூய நிலையில் வெள்ளையாக இருக்கும். களிமண்ணோ இரும்போ கலந்திருந்தால் நிற இழைகள் ஓடும். அந்த இழைகளைப் பார்த்துத்தான் 'மார்பிள்ட்' என்ற அடைமொழி உண்டானது. பழைய பைண்டிங் புத்தகங்களின் உள்ளட்டையில் ஒட்டும் வண்ணத்தாளுக்கும், விலங்கின் தோலுக்கும் பிறகு அது பரவியது. ஒளியில் தொடங்கிய சொல், கல்லைக் கடந்து, கடைசியில் கோலத்தின் பெயராகிவிட்டது.

தமிழில் இந்தப் பயணம் நடக்கவில்லை. பளிங்கு என்ற சொல்லுக்கு ஸ்படிகம் என்பதே பழைய பொருள். "அடுத்தது காட்டும் பளிங்குபோல்" என்று வள்ளுவர் சொல்வது, பக்கத்தில் இருக்கும் பொருளின் நிறத்தைத் தன்னில் காட்டும் தெளிந்த கல்லை. உதயகுமரனுக்கு அஞ்சி மணிமேகலை புகுந்த பளிக்கறையும் அப்படிப்பட்டதே. உள்ளே நின்ற அவள் உருவம் வெளியே நின்றவனுக்குத் தெரிந்தது. வீட்டுத் தரைக்குப் போடும் கல்லைப் பளிங்கு என்பது பின்னால் வந்த வழக்கு. சலவைக்கல் என்ற பெயரோ வெளுத்த வெண்மையைச் சொல்கிறது. இரண்டு சொற்களிலும் இழை இல்லை, வரி இல்லை, நிறக்கலப்பு இல்லை.

ஒரு தவளையை வைத்துப் பார்ப்போம். மழைக்காலத்தில் சென்னையிலும் மண்ணைவிட்டு வெளியே வரும் ஓர் உருண்டைத் தவளை உண்டு. ஆங்கிலத்தில் மார்பிள்ட் பலூன் தவளை என்பார்கள். சிறிய தலை, குட்டைக் கால்கள், ஊதிய பந்து போன்ற உடம்பு. ஆண்டின் பெரும்பகுதி பின்னங்காலால் மண்ணைத் தோண்டி உள்ளே கிடக்கும். எறும்பும் கறையானும் தின்னும். முதுகில் மங்கிய நிறத்தின் மேல் கரும்பழுப்புத் திட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இதைப் பளிங்குத் தவளை என்று எழுதினால், குடல் வெளியே தெரியும் கண்ணாடித் தவளையைத்தான் வாசகர் நினைப்பார். அது அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் வாழும் வேறொரு குடும்பம்.

வடகிழக்கு இந்தியக் காடுகளின் மார்பிள்ட் பூனைக்கும் இதே கதிதான். உடம்பின் நீளத்துக்கு ஏறக்குறைய வாலும் நீண்ட அந்த அழகிய விலங்கை, பளிங்கு என்ற சொல் வெள்ளைப் பூனையாக்கிவிடும்.

இந்த அடைமொழியின் முழுப் பொருளையும் உணர்த்துவது ஒரு கடற்பறவை. அலாஸ்கா முதல் கலிஃபோர்னியா வரை வட பசிபிக் கரையோரம் வாழும் மார்பிள்ட் மர்ரலெட், பஃபின் என்னும் கடற்பறவைகளின் உறவு. நீளம் சுமார் 25 செ.மீ. 1789இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் க்மெலின் இதற்கு 'மர்மொராட்டஸ்' என்று பெயரிட்டார். பெயர் வைத்தாகிவிட்டது, ஆனால் இது எங்கே முட்டையிடுகிறது என்பது விளங்கவே இல்லை. கடற்பறவை என்றால் பாறையிலோ தீவிலோதானே தேடுவார்கள்? 1974இல் கலிஃபோர்னியாவின் பிக் பேசின் ரெட்வுட்ஸ் பூங்காவில் டக்ளஸ் ஃபிர் மரத்தில் ஏறிக் கிளை கழித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், தரையிலிருந்து சுமார் 45 மீட்டர் உயரத்தில் பாசி படர்ந்த கிளைமேல் ஒரு குஞ்சைக் கண்டார். வட அமெரிக்கப் பறவையியலின் பெரும் புதிர் அன்று அவிழ்ந்தது.

கூடு என்று இது எதையும் கட்டுவதில்லை. முதிர்ந்த மரத்தின் அகன்ற கிளையில், பாசிக் குழியில் ஒரே ஒரு முட்டை. தாயும் தந்தையும் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, விடியல் இருட்டில் முறை மாற்றிக்கொள்கின்றன. ஒன்று கடலில் இரை தேட, மற்றது அசையாமல் அடைகாக்கும். குளிர்காலத்தில் மேலே கறுப்பு, கீழே வெள்ளை என்று தன் உறவுகளைப் போலவே இருக்கும் பறவை, இனப்பெருக்கக் காலத்தில் பழுப்புக்கு மாறுகிறது. வெளிர் சிறகுகளும் கரிய சிறகுகளும் கலந்து, பட்டையும் பாசியும் நிழலும் கலந்த நிறம் வந்துவிடுகிறது. அந்தக் கோலம் இல்லாவிட்டால் காகக் குடும்பத்துப் பறவைகளின் கண்ணில் முட்டையும் தப்பாது, குஞ்சும் தப்பாது. பழமையான காடுகள் வெட்டப்பட, இது அருகிக்கொண்டே வந்தது. வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா மாநிலங்களில் 1992இல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது.

ஆசியப் பக்கம், ஓக்கோட்ஸ்க் கடலோரம் வாழும் நீள்மூக்கு மர்ரலெட்டை நெடுங்காலம் இதன் கிளையினமாகவே கொண்டிருந்தார்கள். 1997இல் தனி இனமாகப் பிரித்தார்கள். நீள்மூக்கு மர்ரலெட்டின் அறிவியல் பெயரின் பிற்பகுதி 'பெர்டிக்ஸ்'; கவுதாரி என்று பொருள். ஏறக்குறைய அதே சிறகுக் கோலம் ஒருவருக்குக் கல்லாகவும் இன்னொருவருக்குக் கவுதாரியாகவும் பட்டிருக்கிறது. நம் வயல்வெளிக் கவுதாரியைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது ஒப்புமை சட்டென்று விளங்கும்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? புள்ளி என்றால் தனித்தனியாக நிற்க வேண்டும்; புள்ளிமான் போல. வரி என்றால் ஓட வேண்டும், வரிக்குதிரை போல. மாட்டுக்குச் சொல்லும் மறை, பெரிய திட்டு. புள்ளியும் வரியும் ஒன்றில் ஒன்று கரையும் தோற்றத்துக்குச் சங்கப் பாடல்களில் ஒரு சொல் ஆயத்தமாக இருக்கிறது: பொறிவரி. யானையின் துதிக்கையைப் 'பொறிவரித் தடக்கை' என்கிறார்கள். வயதான யானையின் துதிக்கையில் வெளிறிய புள்ளிகளும் சுருக்க வரிகளும் கலந்திருப்பதைக் கிட்டே நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்பது தெரியும். வண்டின் சிறகுக்கும் இதே அடைமொழி உண்டு.

பொறி என்றதும் இன்று எலிப்பொறியும் பொறியாளரும்தான் நினைவுக்கு வருவார்கள் என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் 'பெயர் பொறித்த பாத்திரம்' என்று இன்றும் சொல்கிறோம். அடையாளம் என்ற பொருள் உயிரோடுதான் இருக்கிறது. வரி என்ற சொல் பக்கத்தில் நிற்கும்போது குழப்பமும் குறைந்துவிடும்.

பொறிவரித் தவளை, பொறிவரிப் பூனை, பொறிவரி மர்ரலெட் என்று எழுதலாம். மர்ரலெட்டுக்குத் தமிழ்ப் பெயர் புனைய வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. நம் கடலுக்கு வராத பறவை, அதன் பெயரிலேயே இருக்கட்டும். கொளத்தூரின் மார்பிள் ஏஞ்சலையும் மாற்ற வேண்டாம். அது விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்ட பெயர்.