தோட்ட வேலைக்குச் சேர்ந்தால் முதல் மாதமே காதுச் சோதனை கேளுங்கள்

என் பெரியப்பா தென்னாப்பிரிக்காவில் ஸ்டாங்கர் ஊர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் கூண்டு இல்லாத டிராக்டர் ஓட்டியவர். பின்னால் வரும் இழுவையைப் பார்க்க எப்போதும் வலப்பக்கமே திரும்பி ஓட்டியதால், அத்தனை வருடமும் இடது காது புகைக்குழாய்க்கு நேராக இருந்திருக்கிறது. இப்போது யார் பேசினாலும் வலது காதைக் கொடுக்கிறார். பேத்தியின் மெல்லிய குரல் அந்தக் காதிலும் சரியாக விழுவதில்லை. இரைச்சலில் கெடும் காது கீச்சுக்குரலைத்தான் முதலில் விடும், போனது எந்த மருந்துக்கும் திரும்பாது.

இந்த நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது, தோட்டத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். 2003இல் வந்த இரைச்சல் விதிகள் 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்று எல்லை வைத்தன. 2025இல் புதிய விதிகள் அரசிதழில் வந்தன, 85 மாறவில்லை. 3 டெசிபெல் கூடினால் தாங்கும் நேரம் பாதியாகிவிடும், அதாவது 88இல் 4 மணி, 91இல் 2 மணி, செயின்சா சாதாரணமாகத் தொடும் 106இல் நாலு நிமிடம்கூட இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் எல்லை தாண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட வேலை என்றால், சேர்ந்த 30 நாளுக்குள் முதலாளி செலவில் காதுச் சோதனை செய்ய வேண்டும் என்பது 2003 விதி, அப்புறம் வருடா வருடம். இந்த முதல் சோதனையைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள், பெரியப்பாவுக்கும் யாரும் செய்யவில்லை. நஷ்டஈடு கேட்கும் நாளில் காது எவ்வளவு போயிருக்கிறது என்பதை அந்த முதல் சோதனைத் தாளோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிடுவார்கள், 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால்தான் நிரந்தர இழப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

காதடைப்பானுக்குச் சம்பளத்தில் ஒரு ராண்ட்கூடப் பிடிக்கக் கூடாது, 1993ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் இதை நேராகவே சொல்கிறது. பஞ்சு மாதிரி இருக்கும் அடைப்பான் என்றால் விரலில் உருட்டி ஒல்லியாக்கி, மறுகையால் காதின் மேல்நுனியை இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது உப்பும் வரை விரலை எடுக்காதீர்கள். சும்மா வாசலில் செருகினால் பாதி இரைச்சல் உள்ளே போய்விடும். இதைக் கேட்டதற்காகவோ தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் சொன்னதற்காகவோ வேலையை விட்டு நிறுத்தினால் அதுவும் குற்றம், அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு.

காது ஏற்கெனவே மந்தமாகிவிட்டதா? நஷ்டஈட்டு நிதி முதலாளிகள் கட்டும் பணத்தில் நடப்பது, உங்கள் பங்கு எதுவும் இல்லை, அறுவடைக்கு மட்டும் வருபவரும் கேட்கலாம். மருத்துவர் 'இது வேலையால் வந்தது' என்று சொன்ன நாளிலிருந்து 12 மாதம் கடக்கும் முன்பே தெரிவித்துவிடுங்கள். தொழிலாளி கொடுக்கும் படிவம் டபிள்யூ.சி.எல். 14. தோட்டம் மாறும்போது பழைய சோதனைத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி ஐடி புத்தகத்தோடு வையுங்கள்.