நாவல் முடிகிற வாசலில்

கும்பகோணத்தில் என்னிடம் வரும் பள்ளி ஆசிரியை ஒருவர், "நம்ம ஊர்ப் பிள்ளைங்க கதை மாதிரியே இருக்கு, படிச்சுப் பாருங்க டாக்டர்" என்று ஒரு நாவலைக் கொடுத்துவிட்டுப் போனார். பதினாறு வயதுப் பையன் ஒருவன் போதை மாத்திரைக்கு அடிமையாகி மீள்வதைச் சொல்லும் கதை. இரண்டே இரவுகளில் வாசித்து முடித்தேன். நூலின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அதன் முடிவோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, இவ்வகைக் கதைகள் பலவற்றோடும் அதே வழக்குதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை கிடைக்காத நாளில் உடம்பு படும் பாட்டை ஆசிரியர் கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். ஓயாத கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், மயிர்க்கூச்சு, வயிற்றைப் பிசையும் வலி, இரவு முழுவதும் கால்களை உதறிக்கொண்டே இருப்பது. நம் வீடுகளில் இதைச் சளிக்காய்ச்சல் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்து, இரத்தப் பரிசோதனையும் செய்து, எதுவும் இல்லை என்று தெரிந்தபின் குணசீலத்துக்கு வேண்டிக்கொண்டு, அதற்கும் பிறகுதான் மனநல மருத்துவரைத் தேடி வருகிறார்கள். கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதே இல்லை. போய்விட்டு நேராக இங்கே வாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

என்னிடம் வரும் பையன்களில் பலரும் சொல்லும் பெயர் டபென்டடால். கடும் வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை அது. அபினைப் போலவே மூளையில் வேலை செய்வது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. முகூர்த்த மாதத்தில் பந்தி பரிமாறப் போன இடத்திலோ, நெல் மூட்டை ஏற்றப் போன இடத்திலோ, "உடம்பு வலி தெரியாதுடா" என்று ஒரு அண்ணன் கொடுத்ததில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. சிலர் அதைக் கரைத்து ஊசியாகவும் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்க்கும் மாவுப்பொருட்கள் தண்ணீரில் முழுதாகக் கரைவதில்லை. அவை இரத்தக் குழாயை அடைத்து, நுரையீரல் வரை போய்த் தங்கிவிடும். ஒரே ஊசியை நான்கு பேர் பகிர்ந்தால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

இனி அந்த முடிவு. மறுவாழ்வு மையத்தின் வாசலில் தாய் காத்து நிற்கிறாள், பையன் ஒரு பையோடு வெளியே வருகிறான், இருவரும் பேருந்து ஏறுகிறார்கள், கதை முடிகிறது. உயிருக்கு ஆபத்து மிகுந்த நாட்கள் தொடங்குவது அந்தப் பேருந்தில்தான். தினமும் எட்டு மாத்திரை போட்டவனின் உடம்பு அந்த எட்டையும் தாங்கப் பழகியிருக்கும். சில வாரங்கள் நிறுத்திவிட்டால் தாங்கும் சக்தி மளமளவென்று இறங்கிவிடும். ஆனால் கைக்கு நினைவிருப்பது அந்தப் பழைய எட்டுதான். அதே கணக்கில் மறுபடியும் போட்டால், மூச்சை நடத்தும் மூளைப் பகுதி மந்தமாகி, மூச்சு நின்றே போகலாம்.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். குடமுருட்டிக் கரையோரக் கிராமத்துப் பையன், பதினேழு வயது. மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த பதினோராம் நாள், உறவினர் திருமணத்துக்குப் போய்த் திரும்பி, அறைக்குள் படுத்துவிட்டான். நள்ளிரவில் பெருங்குறட்டை கேட்டிருக்கிறது. "மாசக்கணக்கா கண்ணு மூடாத புள்ள, தூங்கட்டும்னு கதவைச் சாத்திட்டு வந்துட்டேன் டாக்டரம்மா" என்றார் அவன் தாய். விடியுமுன் வயலுக்குத் தண்ணீர் வைக்கக் கூப்பிட வந்த தாய்மாமன் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. 108 வந்தது, மருத்துவமனையில் அபின்வகை மருந்தின் வேலையை முறிக்கும் நலாக்சோன் போட்டார்கள், பிழைத்தான்.

அந்தக் குறட்டை தூக்கத்தின் குறட்டை அல்ல. களகளவென்று நீர் கொப்பளிப்பது போன்ற ஒலி, நீண்ட இடைவெளி விட்டு வரும் மூச்சு, நீலம் பாரித்த உதடும் நகமும், உலுக்கினாலும் விழிக்காமை, இமையைத் தூக்கிப் பார்த்தால் கடுகுபோல் சுருங்கிய கண்மணி: இவை தெரிந்தால் உடனே 108ஐ அழைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றவே கூடாது. இதையெல்லாம் மையத்திலிருந்து அனுப்பும் நாளிலேயே அந்தத் தாயிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

வெளியே தெரிந்தால் போலீஸ் வரும் என்ற பயத்தில் தொடர்சிகிச்சையை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காப்பது எங்கள் கடமை. போதைப்பொருள் சட்டத்திலும், சிறிய அளவு வைத்திருந்ததாக வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குத் தர 64ஏ பிரிவு இருக்கிறது. யோசனை கேட்க 14446 என்ற கட்டணமில்லா எண் உண்டு. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

அந்தப் பையன் இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாமாவோடு வருகிறான். நடுவில் ஒருமுறை மறுபடி மாத்திரை போட்டுவிட்டான். மறுநாளே அவனாக வந்து சொன்னான். மருந்து அட்டை தாயின் பெட்டியில் இருக்கிறது. அவன் அறைக் கதவின் தாழ்ப்பாளை மாமா கழற்றிவிட்டார். கழற்றச் சொன்னது அவன்தான்.