ஊரடங்கிலும் சங்கம் நடக்க: எல்லையோர மாற்றுத்திறனாளிகளுக்கு

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம். கோவை, பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனைச் சாவடிகளில் ஒன்றைத் தாண்டித்தான் போகிறார்கள். மற்ற நாட்களில் இவை கண்ணில் படுவதுகூட இல்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ரேஷன் கேரளத்தில், ஆஸ்பத்திரி கோவையில், சொந்தபந்தம் பொள்ளாச்சியில். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியதும் இந்தப் பிழைப்பு நடுவில் அறுபட்டது. பிறகு வந்த மாதங்களில் இந்தப் பக்கம் வர தமிழ்நாட்டு இ-பாஸ், அந்தப் பக்கம் போகக் கேரளத்தின் கோவிட் ஜாக்ரதா தளத்தில் பதிவு என்று ஆனது. போன் நன்றாகக் கையாளத் தெரிந்தவர்களே திணறிய வேலை அது.

கொரோனா போய்விட்டது, இனி எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். நிபா வைரஸ் காய்ச்சல் 2018-லும் 2023-லும் கோழிக்கோட்டில் வந்தது, 2024-ல் மலப்புறத்தில் வந்தது, 2025-ல் பாலக்காடு மாவட்டத்துக்கே வந்துவிட்டது. அந்தச் செய்தி வந்தாலே எல்லையில் காய்ச்சல் பரிசோதனை தொடங்கிவிடும், நோய் கண்ட வார்டுகள் கட்டுப்பாட்டுப் பகுதியாகும். இரண்டு மூன்று வாரம் ஒரு ஊர் மட்டும் மூடிக்கிடந்தாலும் அங்கே இருக்கிற மாற்றுத்திறனாளிக்கு அது முழு ஊரடங்குதான். ஆகவே ஊர் மூடினாலும் சங்கம் நடப்பதற்கான ஏற்பாட்டை நோய் இல்லாத மாதத்தில் செய்து வைக்க வேண்டும்.

இங்கே சங்கம் என்று சொல்வது மாற்றுத்திறனாளிகள் தங்கள் தேவையைத் தாங்களே பேசி, தாங்களே முடிவெடுக்கிற குழுவை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள்கூட இப்படித் தங்களுக்காகத் தாங்களே பேச முடியும் என்று 1974-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கூடி நிரூபித்தார்கள். பீப்பிள் ஃபர்ஸ்ட் இயக்கம் அங்கிருந்துதான் பரவியது. நோய்க் காலத்தில் இந்தச் சங்கங்களுக்கு வரும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கூட்டம் நின்றதும் உறுப்பினருடைய குரல் வீட்டாருடைய குரலுக்குள் போய்விடுகிறது. அரிசி வந்து சேரும், மருந்தும் வந்து சேரும், ஆனால் அவருக்கு என்ன வேண்டும் என்று அவரைக் கேட்க ஆள் இருக்காது. கீழே சொல்லும் எல்லாமே அந்தக் குரலைக் காப்பாற்றத்தான்.

முதல் விதி: சங்கத்திலேயே மிகச் சாதாரண போன் வைத்திருப்பவர் யாரோ, அவரை வைத்துத் திட்டம் போடுங்கள். ஊரடங்கு வந்ததும் ஆர்வமாக ஜூம் கூட்டம் போட்ட சங்கங்களில் ஸ்மார்ட்போன் உள்ள ஏழெட்டுப் பேரே சங்கம் என்று ஆகிவிடுகிறது. பட்டன் போன்காரர்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுகிறார்கள். வீடியோ கூட்டம் நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடித்தளம் மட்டும் சாதாரண போன் அழைப்பாக இருக்கட்டும்.

அழைப்புச் சங்கிலியை இப்படிப் போடலாம். இருபத்தைந்து பேர் இருக்கிற சங்கம் என்றால் ஐந்து பேர் பொறுப்பு. ஒவ்வொருவரும் தன்னைத் தவிர நான்கு பேரை வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரத்தில் அழைக்க வேண்டும். நான்குக்கு மேல் கொடுத்தால் மூன்றாம் வாரத்தில் அழைப்பு நின்றுவிடும். பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றாள் வேண்டும். பொறுப்பாளருக்கே காய்ச்சல் வந்தால் அந்த நான்கு பேரும் ஒரே நாளில் தொடர்பறுந்து போவார்கள். மாற்றாளிடமும் நான்கு எண்களும் தாளில் எழுதி இருக்கட்டும். போனில் மட்டும் இருந்தால் போன் பழுதாகும் அன்று எண்களும் போய்விடும். ஐந்து பொறுப்பாளர்களும் வாரம் ஒருமுறை தங்களுக்குள் கான்ஃபரன்ஸ் கால் போட்டுக்கொள்ளலாம். சாதாரண போனில் போடுபவரைத் தவிர பொதுவாக ஐந்து பேர் வரை சேரலாம், அதனால் இந்தக் கணக்கு சரியாக வரும்.

இனி அழைப்பு எப்படிக் கெட்டுப்போகிறது என்பது. எங்கள் வேலையில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது:

“அக்கா, தம்பி எப்படி இருக்காப்ல?”

“அவனுக்கென்ன கண்ணு, நல்லா இருக்கான். சாப்பிட்டுத் தூங்கறான்.”

“சரிங்க்கா, வெச்சர்றேன்.”

நோட்டில் ‘நலம்’ என்று எழுதப்படும். தம்பியிடம் யாரும் பேசவில்லை. அந்த அம்மா பொய் சொல்லவும் இல்லை; போன் அவருடையது, நாள் முழுக்க வேலை, பிள்ளைக்காக இத்தனை வருடம் அவர்தான் பேசி வந்திருக்கிறார். அதனால் அழைக்கிறவர்தான் மாற்றிக் கேட்க வேண்டும். “அக்கா, உங்ககிட்ட அப்புறம் பேசறேன். இது சங்கத்து போன், தம்பிகிட்டக் குடுங்க, ரெண்டே நிமிசம்.” உறுப்பினருடைய குரலையோ சைகையையோ அவரே அனுப்பிய செய்தியையோ பெறாத அழைப்பு, அழைப்புக் கணக்கில் வராது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீர்மானம் என்றால் பெரும்பாலான வீடுகள் மதிக்கின்றன.

பேச்சு தெளிவாக வராத உறுப்பினர்களிடம் ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள். போனை விரலால் ஒருமுறை தட்டினால் ஆம், இரண்டு முறை தட்டினால் இல்லை. இதை நேரில் கூடும் காலத்திலேயே பழக்கிவிட வேண்டும். ஒரு கேள்வி கேட்டால் பத்து விநாடியாவது பொறுங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவருக்குப் பதில் மனதில் உடனே வந்தாலும் கையோ வாயோ அசைய நேரமாகும். அவசரப்பட்டு அடுத்த கேள்வி கேட்டால் இரண்டு பதிலும் குழம்பும்.

பக்கத்தில் ஆள் இருப்பதால் மனதில் உள்ளதைச் சொல்ல முடியாத நிலையும் வரும். வீட்டில் அடி, திட்டு, பட்டினி, பென்ஷன் பணத்தைப் பிடுங்குவது இதெல்லாம் கதவு மூடிய நாட்களில் கூடும். இதற்குச் சங்கத்துக்குள் ஒரு குறிச்சொல் வேண்டும். சாதாரணப் பேச்சில் வருகிற சொல்லாக, ஆனால் அந்த வீட்டில் அன்றாடம் புழங்காததாக இருக்கட்டும். அது காதில் விழுந்தால் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பேச்சை முடித்துக்கொண்டு, பொறுப்பாளர்கள் பேசி நேரில் ஆள் அனுப்ப வேண்டும். உதவி எண், பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த இரண்டு எண்ணும் எல்லையின் இரண்டு பக்கத்திலும் உண்டு. மனம் தாங்காதவர்களுக்கு டெலி மானஸ் 14416.

அழைக்கும்போது விசாரிக்க வேண்டியது ஆளுக்கு ஆள் மாறும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் “மாத்திரை இருக்கா?” என்று கேட்காதீர்கள், “இருக்கு” என்பார், அட்டையில் இன்னும் இரண்டுதான் பாக்கியிருக்கும். “எண்ணிச் சொல்லுங்க” என்று கேளுங்கள். பத்து நாளுக்குக் குறைந்தால் அன்றே ஏற்பாடு தொடங்க வேண்டும். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையான வலிப்பு வரக்கூடும். தண்டுவடம் பாதித்தவர்களில் பலர் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்கிறார்கள். குழாய் தீர்ந்துவருகிறது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள் உண்டு, சிறுநீர்த் தொற்று அங்கேதான் தொடங்கும். “காய்ச்சல், குளிர் இருக்கா, சிறுநீர் கலங்கலா வருதா?” என்று கேளுங்கள். பின்தட்டு, இடுப்பெலும்பு, குதிகால் சிவந்திருக்கிறதா என்று வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு வெளுத்துத் திரும்ப வரவேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் பாரமே படாமல் படுக்க வைத்து நர்ஸுக்குச் சொல்ல வேண்டும். தோல் கருத்தவர்களுக்குச் சிவப்பு தெரியாது. அந்த இடம் சுற்றுத்தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் செய்தி. கொழிஞ்சாம்பாறையில் இருக்கிற தமிழ்க் குடும்பம் பார்ப்பது சென்னைத் தொலைக்காட்சி. அதில் கடை எத்தனை மணி வரை, பஸ் உண்டா இல்லையா என்று சொல்வது தமிழ்நாட்டு விதி. அவர் வீட்டு வாசலில் நடப்பது பாலக்காடு கலெக்டர் உத்தரவு, அதுவும் மலையாளத்தில். ஆகவே சங்கத்துக்குச் செய்திக்காரர் இரண்டு பேர் வேண்டும், பக்கத்துக்கு ஒருவர். அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் “இன்று இந்தத் தேதி, இது கேரளத்துக்கு மட்டும்” என்று தொடங்கட்டும். தேதியும் மாநிலமும் இல்லாத செய்தியை யாரும் ஃபார்வர்டு செய்யக் கூடாது.

உதவி கேட்கும் இடங்களும் பக்கத்துக்குப் பக்கம் வேறு. கேரளத்தில் வார்டு மெம்பர், ஆஷா பணியாளர், பெண்கள் குழுக்களான குடும்பஸ்ரீ, படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கு வந்து பார்க்கும் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ், உடல்நலத்துக்கு திஷா உதவி எண் 1056. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு, அவர்களுக்கான சிறப்புப் பள்ளியான பட்ஸ் பள்ளி ஆசிரியர்களையும் கேட்கலாம். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர், வி.ஏ.ஓ., மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், உடல்நலத்துக்கு 104. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையும் வருகிறது. கோவை ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் கேரளப் பக்கத்து உறுப்பினர், அதே மருந்து தன் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று இப்போதே விசாரித்து வைக்க வேண்டும். மருந்தின் வேதிப்பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பிராண்டு பெயர் கடைக்குக் கடை மாறும். மாநில அடையாள அட்டை மட்டும் இருந்தால் மறுபக்கத்தில் கேள்வி எழும். மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி நாடு முழுக்கச் செல்லும். அதன் நகலும் போட்டோவும் கையில் இருக்கட்டும்.

சின்ன விஷயம், ஆனால் பலரைத் தவிக்கவிட்டது: எல்லை ஊர்களில் போன் தானாக அடுத்த மாநிலத்து டவருக்குத் தாவும். சில போன்கள் அதை ரோமிங் என்று எடுத்துக்கொண்டு டேட்டாவை நிறுத்திவிடும். அழைப்பு வரும், வாட்ஸ்அப் மட்டும் வராது. செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை ஆன் செய்தால் சரியாகிவிடும். ரீசார்ஜ் காலம் முடிந்து சில நாளில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும் என்பதால், யாருக்கு எந்தத் தேதியில் முடிகிறது என்று பொறுப்பாளர் நோட்டில் இருக்க வேண்டும். சங்கச் சேமிப்பிலிருந்து ரீசார்ஜ் போடலாம் என்று முன்பே தீர்மானம் எழுதி வைத்தால் அன்றைக்குத் தயக்கம் வராது.

வாட்ஸ்அப்பில் எல்லோரும் போஸ்டர் படமாக அனுப்புகிறார்கள். பார்வையற்றவரின் போனில் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் அதைப் பெரும்பாலும் வெறும் ‘படம்’ என்றுதான் சொல்லும். படத்தில் உள்ளதைத் தமிழ் எழுத்தில் டைப் செய்து கீழே போடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் போன் அதைக் கடித்துத் துப்பும். டைப் செய்ய முடியாதவர் வாய்ஸ் மெசேஜ் போடலாம், ஒரு நிமிடத்துக்குள், ஒரு செய்திக்கு ஒரு விஷயம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இதுதான் ஏற்றது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். காது கேளாதவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ் பயன்படாது, ஆகவே அதே செய்தி எழுத்திலும் போக வேண்டும். எழுத்து படிக்கச் சிரமப்படும் காது கேளாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சைகையில் சின்ன வீடியோ. அழைப்பில் பேசுவதைப் படிக்க, ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு ஆண்ட்ராய்டு போனில் லைவ் ட்ரான்ஸ்கிரைப் செயலியைத் திறந்து வைத்தால் தமிழிலும் மலையாளத்திலும் எழுத்து ஓடும். பெயர்களையும் மருந்தையும் தப்பாகத்தான் எழுதும், அவற்றை மட்டும் தனியே டைப் செய்து சரிபாருங்கள்.

சைகையில் வீடியோ பேசும்போது வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் கை கறுப்பாகத்தான் தெரியும். போனைக் கையில் பிடிக்காமல் செம்பிலோ டப்பாவிலோ சாய்த்து வைத்து, தலையிலிருந்து இடுப்புவரை தெரியுமளவு தள்ளி உட்காருங்கள். ஆறு பேருக்கு மேல் சேர்ந்தால் கட்டங்கள் சிறுத்துக் கை அசைவு புரியாது. தினம் 1.5 ஜிபி பேக்கில் ஒரு மணி நேரக் குழு வீடியோ பாதிக்கு மேல் தின்றுவிடும், அதையும் கணக்கில் வைத்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ஜூமில் கட்டணமில்லாத கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். அந்த அளவே போதும். இரண்டு நாள் முன்பே எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்க வேண்டும், அதிகம் போனால் மூன்று விஷயம். பேசுகிறவர் முதலில் தன் பெயரைச் சொல்லட்டும். பக்கத்தில் இருந்து உதவுபவர் கேள்வியை எளிதாக்கிச் சொல்லலாம், பதிலைச் சொல்லக் கூடாது. முடிவெடுக்கும் கேள்வியைக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி முடித்துவிடாதீர்கள். பொறுப்பாளர்கள் எல்லோரையும் தனித்தனியே அழைத்து, அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டு, ஆம், இல்லை, புரியவில்லை என்று மூன்று பத்தியில் குறிக்க வேண்டும். ‘புரியவில்லை’ ஐந்து பேருக்கு மேல் வந்தால் கேள்வியைத்தான் திருத்த வேண்டும்.

அரசிடம் போக ஒரு பிடிமானம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 8, ஆபத்துக் காலங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், ஆபத்து வருவதை அவர்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவேட்டில் உங்கள் சங்கத்தார் பெயர் இருக்கிறதா என்று பாலக்காட்டிலும் கோவையிலும் தனித்தனி மனு கொடுத்துக் கேளுங்கள். கூடவே, சம்மதம் சொன்ன உறுப்பினர்களின் பெயர், ஊர், குறைபாடு, எந்த வழியில் செய்தி சொன்னால் அவருக்குப் புரியும் என்பதையும் பட்டியலாகக் கொடுங்கள். மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சம்மதம் சொல்லாதவர் பெயரை, வீட்டார் வற்புறுத்தினாலும், சேர்க்காதீர்கள்.

எல்லாம் எழுதி முடித்தபின் ஒத்திகை வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, நேரில் கூடாமல் சங்கிலியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். காலை 10 மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் இருபத்தைந்து பேரின் குரலோ சைகையோ வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். வராதவர்களின் காரணத்தை எழுதுங்கள்: எண் மாறியிருக்கும், போனை அண்ணன் வேலைக்கு எடுத்துப் போயிருப்பார், பேட்டரி உப்பியிருக்கும். அடுத்த கூட்டத்தின் முதல் வேலை அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்வது.